விடையைச் சொல்லிவிடக் கூடாது

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. குறுக்கெழுத்துப் போடும்போது விடை தெரிந்தவர் அதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. "கிடைச்சிடுச்சு" என்று மட்டும் சொல்லலாம். மற்றவர் தலையைப் பிய்த்துக்கொண்டு, முடியாமல் போய், அவராகவே வாயைத் திறந்து கேட்டால் ஒரு சின்னத் துப்புக் கொடுக்கலாம். கேட்காதவருக்குத் துப்பும் கிடையாது. சட்டத்தைப் போட்டவள் என் மனைவி, போட வைத்தவன் நான். இந்தப் பைத்தியம் எங்களைப் பிடித்த புதிதில், அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நான் விடையைப் போட்டு உடைத்துவிட்டு, மெச்சுவாள் என்று அவள் முகத்தைப் பார்ப்பேன். நாலாவது வாரம் அவள் பேனாவை மூடிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அன்று போட்ட சட்டம், பதினைந்து வருஷமாகிறது.

சாதாரணக் குறுக்கெழுத்து இல்லை, சங்கேதக் குறுக்கெழுத்து. வாராவாரம் இணையத்தில் ஒருவர் போடுகிறார். என் மனைவி பாலர் பள்ளியில் தமிழ் ஆசிரியை. அங்கேயே தாளில் அச்செடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பொங்கோலில் ரயில் ஏறினால் லிட்டில் இந்தியா வரை உட்கார்ந்தே போகலாம். ரயிலில் தொடங்கி, அங்கே தேக்காச் சந்தையில் காய்கறி வாங்குவதற்கு முன்னால் கோப்பிக் கடையில் முடிப்போம். முடித்த பிறகுதான் சந்தைக்குள் போவது. சில ஞாயிறுகளில் புதிர் முடிவதற்குள் நல்ல வெண்டைக்காய் முடிந்துவிடும்.

இந்தப் புதிரைப் போடாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குறிப்பு பார்ப்பதற்கு முழு வாக்கியம் மாதிரி இருக்கும், ஆனால் அதை வாக்கியமாக வாசிக்கக் கூடாது. விடைக்கு நேரான பொருள் வாக்கியத்தின் ஒரு முனையில் இருக்கும், முதலில் அல்லது கடைசியில். மிச்சமெல்லாம் விடையைக் கட்டுவதற்கான சாமான். "கனவாம், கலைந்தால் சாலையில் ஓடும்" என்று ஒரு குறிப்பு, நாலெழுத்து. யாரோ ஏங்குகிற மாதிரி இருக்கிறது. அதற்குச் செவிகொடுக்காமல் "கனவாம்" என்ற நாலு எழுத்தையும் கலைத்து மாற்றிப் போட்டால் வாகனம். சாலையில் ஓடும். கார் விலை வானத்தைத் தொடும் இந்த ஊரில் கார் என்பது கனவேதான் என்று நான் சிரித்துக்கொண்டிருந்தபோது என் மனைவி அடுத்த குறிப்புக்குப் போய்விட்டிருந்தாள்.

எனக்கு ஒரு கெட்ட குணம். நேர்ப்பொருள் எந்த முனையில் இருக்கிறது என்று பார்த்தவுடனே முடிவு கட்டிவிடுவேன். பிறகு என் முயலுக்கு மூன்றே கால். "மனத்தை அரிப்பது கலைக்குள் வந்தவன் தலை" என்று ஒரு தடவை வந்தது, மூன்றெழுத்து. கடைசிச் சொல்தான் பொருள், தலைக்கு இன்னொரு பெயர் கேட்கிறார்கள் என்று முடிவு செய்து சிரசு என்று எழுதினேன். குறுக்கே வந்த சொல்லோடு இடித்தது. அடித்துவிட்டுச் சென்னி என்று எழுதினேன். அதுவும் இடித்தது. உடனே குறுக்கே வந்த சொல் தப்பு என்றேன். என் மனைவி எப்போதோ "கிடைச்சிடுச்சு" என்று சொல்லிவிட்டு நிதானமாக ஒரு தோசை சாப்பிட்டு முடித்திருந்தாள். பொருள் முதல் முனையில் இருந்தது. "வந்தவன்" என்பதன் தலையெழுத்து வ. அதைக் "கலை"க்குள் வைத்தால் கவலை. மனத்தை அரிப்பது. முக்கால் மணி நேரம் நான் ஒரு துப்புக்கூடக் கேட்கவில்லை. கேட்பது எனக்குக் கௌரவக் குறைச்சல்.

என் பிழைப்பும் அப்படித்தான். அடுக்குமாடி வீடுகளின் மின்தூக்கிகளைப் பழுது பார்க்கும் குழுவுக்கு மேற்பார்வையாளர். ஓடாத மின்தூக்கியின் முன் நின்று, ஒருவரையும் கேட்காமல், பழுது எங்கே என்று சொல்லிவிடுவதில் எனக்குப் பெருமை.

போன வருஷம் என் உடம்பே பழுதுக்கு வந்தது. ஐம்பது தாண்டியவர்கள் செய்துகொள்ளும் மலப் பரிசோதனையில் இரத்தம் இருப்பதாக வந்தது. மருத்துவமனையில் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குடலில் இரண்டு சின்னக் கட்டிகள் இருந்தன, எடுத்துவிட்டோம், ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறோம், இரண்டு வாரம் கழித்து வியாழக்கிழமை வாருங்கள் என்றார்கள். என் அண்ணன் குடல் கட்டியில் போனவர், கிட்டத்தட்ட என் வயதில். டாக்டர் "சின்ன" என்று சொன்னது என் காதில் விழவே இல்லை. கட்டி என்ற சொல் மட்டும் விழுந்தது.

அந்த இரண்டு வாரமும் நான் மனுஷனாக இருக்கவில்லை. வயிற்றில் ஒரு சத்தம் கேட்டால் சோற்றை வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். ரசத்தில் உப்பில்லை என்பேன், மறுநாள் உப்புக் கரிக்கிறது என்பேன். என் மனைவி ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததே எனக்குக் கோபமாக வந்தது.

ஒரு விஷயம் முக்கியம். கைப்பேசிச் செயலியெல்லாம் எனக்குச் சரிப்படாது. மருத்துவமனைக் கணக்கில் என் விவரங்களையும் தன் கைப்பேசியிலேயே அவள்தான் வைத்திருக்கிறாள். ஆய்வு முடிவு வியாழக்கிழமைக்கு முன்னால் வந்தால் முதலில் பார்ப்பவள் அவள்.

அந்த வியாழனுக்கு முந்தின ஞாயிறு, வழக்கம்போல ரயில் ஏறினோம். செங்காங் தாண்டியது, கோவன் தாண்டியது, அவள் ஒரு முறைகூட "கிடைச்சிடுச்சு" என்று சொல்லவில்லை. பாதிப் புதிரை ரயிலிலேயே முடிக்கிறவள், தாளைப் பிடித்துக்கொண்டு எதிர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேக்காவில் உட்கார்ந்தோம். கோப்பி ஆறிப்போனது. "கொடு மானைக் குளத்துப் பூ" என்ற குறிப்பில் நான் வேண்டுமென்றே தடுமாறுகிற மாதிரி நடித்தேன், அவளைப் பேச வைக்கலாம் என்று. குழந்தைகூடச் சொல்லிவிடும். கொடு என்றால் தா, மானில் ஒரு வகை மரை.

"தாமரை. எழுதுங்க" என்றாள்.

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பதினைந்து வருஷத்தில் அவள் எனக்கு ஒரு விடையைச் சொன்னதில்லை. நான் கெஞ்சினாலும் துப்புதான் கிடைக்கும். விளையாட்டில் நமக்கு விட்டுக்கொடுக்கிறார்கள் என்றால் என்ன அர்த்தம்? நோயாளியிடம்தான் விட்டுக்கொடுப்பார்கள். 

"என்ன, சொல்லிட்ட?" என்றேன்.

"எழுதுங்க லா. நேரமாச்சு."

சந்தைக்குள் போய் ஒரு கிலோ ஆட்டிறைச்சி வாங்கினாள். எனக்குக் கொழுப்பு ஏறியிருக்கிறது என்று இரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் ஆட்டிறைச்சி கிடையாது. "என்ன விசேஷம்?" என்றதற்கு, "உங்களுக்குப் பிடிக்குமே" என்றாள். திரும்பி வரும் ரயிலில், காப்பீட்டுப் பத்திரங்கள் எந்தக் கோப்பில் இருக்கின்றன என்று கேட்டாள். ரொம்பச் சாதாரணமாக, குடை எங்கே என்று கேட்கிற மாதிரி கேட்டாள்.  பச்சைக் கோப்பு, அலமாரியில் மேல்தட்டு என்று சொன்னேன். 

வீட்டுக்கு வந்து அவள் இறைச்சியைக் கழுவிக்கொண்டே யாருடனோ போனில் பேசினாள். நான் கூடத்தில் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"செவ்வாக்கிழம காலைல என் கிளாஸ கொஞ்சம் பாத்துக்கிறியா? லீவு சொல்லிட்டேன்... இல்ல, அவர்கிட்ட இன்னும் சொல்லல. பாவம், பயந்துடுவாரு."

அவளோடு வேலை செய்யும் ஆசிரியை என்று புரிந்தது. அதற்கு மேல் அவள் குழாயைத் திறந்துவிட்டாள்.

மதியம் இறைச்சிக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். குழம்பு ருசியாக இருந்தது, அதுவே தாங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு துண்டு துண்டாக எடுத்து வைத்தேன். முடிவு வந்துவிட்டது, பார்த்துவிட்டாள். அதனால் புதிரில் மனம் ஓடவில்லை. இரக்கப்பட்டு விடையைச் சொன்னாள். இனிப் பத்தியம் எதற்கு என்று ஆட்டிறைச்சி. காப்பீடு கேட்டது எதற்கென்று சொல்ல வேண்டியதில்லை. போன புதன்கிழமை வேலை முடிந்து சைனாடவுன் மாரியம்மன் கோவிலுக்குப் போய் என் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். தைப்பூசத்துக்கே கூட்டத்துக்குப் பயந்து வீட்டிலிருந்து கும்பிடுகிறவள் அவள். எல்லாத் துண்டும் பொருந்தியது. ஒன்று மட்டும் இடித்தது. எனக்கு வியாழக்கிழமைதான் டாக்டரைப் பார்க்க வேண்டும், அவள் லீவு போட்டிருப்பது செவ்வாய்க்கிழமை. அதற்கும் ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன். என்னைக் கூட்டிப் போவதற்கு முன்னால் தனியாகப் போய் டாக்டரிடம் பேசப் போகிறாள், எத்தனை மாதம் என்று கேட்க.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு அந்தப் பழமொழி அன்று நினைவுக்கு வரவில்லை. பேய்க்கு ஊர், பேர், பிறந்த தேதியெல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன். பயம்தான். அதிலும் வெட்கக்கேடு, நடுவில் ஒரு திருப்தியும் இருந்தது. எவ்வளவு மறைத்தும் கண்டுபிடித்துவிட்டேன் பார்த்தாயா என்கிற திருப்தி.

திங்கட்கிழமை சுவா சூ காங்கில் ஒரு அடுக்குமாடி புளோக்கில் வேலை. பத்தாவது மாடிக்கும் பதினொன்றுக்கும் நடுவில் நின்றுபோன மின்தூக்கி. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கம்பிகளைப் பார்த்தபடி நின்றேன். என் பெட்டியின் சாவிகளை யாரிடம் கொடுப்பது, என் சட்டைகளை அவள் என்ன செய்வாள், ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலில் தனியாக உட்கார்ந்து யாரிடம் "கிடைச்சிடுச்சு" என்று சொல்வாள் என்றெல்லாம் ஓடியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்னோடு வேலை செய்கிறவன் தூசி விழுந்துவிட்டதா என்று கேட்டான். ஆமாம் என்றேன். அவள் தனியாக இருப்பதை நினைத்து அழுதேன் என்றுதான் அப்போது நம்பினேன். யோசித்துப் பார்த்தால் அந்தக் காட்சி எல்லாவற்றிலும் செத்துப்போன நான்தான் கதாநாயகன்.

திங்கள் மாலை எங்களுக்கு விளக்கம் எழுதும் நேரம். ஞாயிறு போட்ட புதிரின் ஒவ்வொரு விடையும் ஏன் அந்த விடை என்று ஒரு நோட்டில் எழுதி வைப்போம். விடை சரியாக இருந்தாலும் விளக்கம் தெரியாவிட்டால் அது கணக்கில் சேராது. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுவது வழக்கம். அன்று அவள் நோட்டை எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். நான் உட்காரவில்லை.

"எனக்கு எல்லாம் தெரியும்" என்றேன்.

"என்ன தெரியும்?"

"என் ரிசல்ட் வந்துடுச்சு. நீ பாத்துட்ட. எத்தனை நாளா மறைக்கிற? முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கலாம்னு நெனச்சியா?"

என் குரல் எகிறியது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கைப்பேசியை எடுத்து, என் பெயருள்ள பக்கத்தைத் திறந்து, மேசைமேல் என் பக்கமாகத் தள்ளினாள். ஆய்வு முடிவு இன்னும் வரவில்லை என்று இருந்தது. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் வாசித்தேன். அப்படித்தான் இருந்தது.

"அப்ப கறி எதுக்கு வாங்கின?"

"ரெண்டு வாரமா ஒழுங்கா சாப்பிடலையே நீங்க."

"இன்சூரன்ஸ் பேப்பர்?"

அவள் நோட்டின் ஓரத்தை மடித்தாள், நிமிர்த்தினாள்.  உயிர் பிழைத்த சந்தோஷம் ஒரு அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. துண்டுகள் எல்லாம் அப்படியே இருந்தன, ஒன்றும் மாறவில்லை. ஆள்தான் நான் இல்லை.

"நாளைக்கு லீவு போட்டிருக்கியே. யாருக்கு?" என்று கேட்டேன்.

"எனக்கு" என்றாள்.

மார்பகப் பரிசோதனைக்கு வழக்கமாக வரும் கடிதம் வந்து அவள் போயிருக்கிறாள். படத்தில் ஏதோ தெரிகிறது என்று மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்குக் குழாய் விட்ட அதே வாரம் அவளுக்கு ஸ்கேன். போன புதன்கிழமை ஊசியால் சதை எடுத்தார்கள். முடிவு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரைக்கு.

"புதன்கிழமை கோயிலுக்குப் போனேன்னு சொன்னியே" என்றேன். அந்த நேரத்தில் எனக்குக் கேட்கத் தோன்றியது அதுதான்.

"ஊசி போட்டுட்டு நேரா அங்கதான் போனேன். பொய் சொல்லல. அர்ச்சனையும் உங்க பேருக்குத்தான்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

 அவளுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். அன்றும் இறங்கியது.

"முதல்ல உங்களோடது முடியட்டும்னு நெனச்சேன். அப்புறம் நெனச்சேன், ஒரு தடவையாவது கேப்பீங்க, ஏன்டி ஒரு மாதிரியா இருக்கன்னு. நேத்து முழுக்கக்கூடப் பாத்தேங்க. நீங்க கேக்கவே இல்ல."

இரண்டு வாரமாக அவள் என்னை என்னென்ன கேட்டாள் என்று நினைத்துப் பார்த்தேன். தூங்கினீங்களா, வலிக்குதா, கஞ்சி வைக்கட்டுமா, கூட வரட்டுமா. நான் அவளைக் கேட்டதை நினைத்துப் பார்த்தேன். ரசத்தில் ஏன் உப்பில்லை என்று கேட்டிருந்தேன். எனக்கு என்மேல் அருவருப்பாக இருந்தது. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தேன். அவள் பிடிக்கவிட்டாள், ஆனால் திருப்பிப் பிடிக்கவில்லை. நோட்டை அன்று திறக்கவில்லை.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன், வாசிப்பவரைத் தவிக்கவிடும் எண்ணம் எனக்கில்லை. அவளுக்குக் கெட்ட கட்டிதான், ஆனால் ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டார்கள். அறுவைச் சிகிச்சை ஆயிற்று, கதிர்வீச்சு ஆயிற்று, இப்போது பாலர் பள்ளிக்குத் திரும்பிவிட்டாள். நாலு மாதத்துக்கு ஒரு முறை போய்க் காட்டுகிறோம். ஒவ்வொரு முறையும் அதற்கு முந்தின வாரம் என் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அடித்துக்கொள்கிறது என்று அவளிடம் சொல்கிறேன், உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன். சில சமயம் ஒரு நாளைக்கு நாலு தடவை கேட்டு, "போதும் லா" என்று வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். என்னுடைய இரண்டு கட்டிகளும் அந்த வியாழக்கிழமையே ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டது. அந்த டாக்டர் பேசி முடித்ததும் நன்றி என்று சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவளோடு நானும் போனேன். எந்தக் கட்டடம், எந்த மாடி என்று எனக்குத் தெரியவில்லை. அவள் யாரையும் கேட்காமல் முன்னால் நடந்தாள், எந்த மின்தூக்கி சீக்கிரம் வரும் என்பதுவரை அவளுக்குத் தெரிந்திருந்தது. வரிசை வரிசையாக நாற்காலிகள், பெரும்பாலும் பெண்கள், பக்கத்தில் கணவனோ அக்காளோ மகளோ. பதிவு மேசையில் ஒரு தமிழ்த் தாதி, முப்பது வயதுக்குள் இருக்கும், என் மனைவியைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு சிரித்தாள்.

"ஆன்ட்டி, இன்னைக்காச்சும் தொணைக்கு ஆள் கூட்டிட்டு வந்தீங்களே. நல்லது. போன தடவ ஊசி போட்டுட்டுத் தனியா போறீங்களேன்னு எனக்குக் கவலையா இருந்துச்சு." பிறகு என்னைப் பார்த்தாள். "இவங்க உங்க அண்ணனா?" என் மனைவி பதில் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள். "அங்கிளுக்கு ரொம்ப முடியல, அதான் வரலன்னு சொன்னீங்களே. இப்ப எப்படி இருக்காரு? எழுந்து நடக்கிறாரா?"

"நடக்கிறாரு" என்றாள் என் மனைவி. கொஞ்சம் பொறுத்து, "இவருதான்" என்றாள்.

அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். எனக்கு ஒரு வலியும் இல்லை. இரண்டு காலிலும் திடமாக நின்றுகொண்டிருந்தேன்.